கடைசிப் பத்துச் சுற்று

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். அவன் காபியைக் குடித்து முடிப்பதற்குள். இல்லை, முட்டையைத் தின்னும்போது. வாயில் ஏதாவது இருக்கும்போது சொன்னால் உடனே மறுத்துப் பேச முடியாது. 'டெல்மர், இன்றைக்கு நான் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.' அவ்வளவுதான் விஷயம். நான் ஓட்டும் பள்ளிப் பேருந்து நிறையப் பிள்ளைகள் கூச்சல் போடும்போது, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே, 'பின் சீட்டுக்காரா, தலையை உள்ளே இழு' என்று சொல்ல முடிகிற எனக்கு, எதிரே ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்ல முடியாதா?

நெடீன் வாணலியைக் கழுவும் சாக்கில் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதில் இந்த இரண்டு வருடத்தில் அவளுக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது.

"நெடீன், இது என்ன?"

டெல்மர் எழுந்து போய், அவள் கட்டி வைத்திருந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊறுகாய்."

"என்ன கலரு?"

"வெள்ளரிக்காய் என்ன கலர்ல இருக்குமோ அந்தக் கலரு."

"பந்தயத்தன்னைக்கா? பச்சையா? எம்மேல உனக்கு என்ன கோவம்?"

அந்தப் பாட்டிலை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் பாலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். கார்ப் பந்தயக்காரர்களுக்குப் பச்சை ஆகாது. தோலோடு இருக்கும் வேர்க்கடலையும் ஆகாது. கல்யாணமான புதிதில், "அப்போ பந்தயத்தை ஆரம்பிக்கப் பச்சைக் கொடி காட்டுறாங்களே, அது மட்டும் பரவாயில்லையா?" என்று நெடீன் கேட்டபோது, அந்த மேஜையைச் சுற்றியிருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. டெல்மரின் தங்கை ரொண்டா மட்டும், "புதுசுல்ல, போகப் போகத் தெரிஞ்சுக்குவா" என்றாள்.

"டெல்மர்."

"ம்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். மருத்துவரின் அறைக்கு வெளியே, பெயரைக் கூப்பிடக் காத்திருப்பவனின் கண்கள். இடதுகால் சாக்ஸை மட்டும் போட்டிருந்தான். வலதுகால் சாக்ஸைப் பந்தயத் திடலுக்குப் போய்த்தான் போடுவான்.

"இன்னொரு முட்டை போடவா?" என்று கேட்டாள் நெடீன்.

தன்னைத்தானே நொந்துகொண்டு முட்டையை உடைத்தாள்.

*

டெல்மருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊருக்குள் சைலன்சர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஊரில் இருக்கும் வண்டிகளின் சத்தத்தை எல்லாம் வாரம் முழுக்க அடக்கிவிட்டு, சனிக்கிழமை தன் வண்டியில் அதையெல்லாம் சேர்த்து வைத்துக் கொட்டிவிடுவான் என்று நெடீன் நினைத்துக்கொள்வாள். இருபது வயதிலிருந்து அதே பைன் ஃபோர்க் திடலில், அதே இருபத்தேழாம் எண்ணில் ஓட்டுகிறான். எப்போதாவது ஒரு பந்தயத்தில் ஜெயிப்பான். அந்தத் திடலின் வருடக் கோப்பையை மட்டும் அவன் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

நெடீனுக்கு இது இரண்டாவது கல்யாணம். கார்ப் பந்தயம் என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து வரும் இரைச்சல் என்ற அளவில்தான் அதுவரை அவளுக்குத் தெரியும். முதல் நாள் கேலரியில் உட்கார்ந்து பார்த்தபோது அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வட்டமாகச் சுற்றுகிறார்கள். எப்போதும் இடப்பக்கமே திரும்புகிறார்கள். உயிரைக் கொடுத்து ஓட்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். கார்களின் கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். முன்விளக்கு என்று நினைத்தது வெறும் ஸ்டிக்கர். இவ்வளவு பொய்யான ஒரு வண்டிக்காக இத்தனை பேர் உண்மையாகவே தொண்டை கிழியக் கத்துவது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. குறுக்கெழுத்துப் புத்தகம் ஒன்று கொண்டுபோயிருந்தாள். இன்னும் கொஞ்சம் சுற்று பாக்கி இருக்கும்போது பசித்தது. கீழே இறங்கி, கேலரி ஓரத்தில் இருந்த தின்பண்டக் கடை வரிசையில் போய் நின்றாள். பொரித்த பொலோனி இறைச்சி வைத்த சாண்ட்விச்சைக் கையில் வாங்கும்போது பூமி அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தாள். எல்லாம் முடிந்திருந்தது. டெல்மர் ஜெயித்திருந்தான். அதற்குமுன் அவன் ஜெயித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் அவள் பசியில்லாமல் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வளைவில் டெல்மர் சுவரில் மோதினான். அதற்கடுத்த வாரம் கழிப்பறைக்குப் போனாள். ஜெயித்தான்.

மற்றவர்களுக்கு இது மூன்று வாரம். ரொண்டாவுக்கு இது வேதம். அன்றிலிருந்து, பத்துச் சுற்று பாக்கி என்றதும் ரொண்டா அவளைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போய், தின்பண்டக் கடை முன்னால், ஓடுதளத்துக்கு முதுகு காட்டி நிறுத்திவிடுவாள். ஓட்டுபவர்கள் பேசுவதைக் கேட்கிற ரேடியோவும் காதில் இருக்கக் கூடாது, கேட்பதும் பார்ப்பதில்தான் சேர்த்தி. இப்படியே நின்று நெடீன் அவனுக்கு ஒன்பது வெற்றி தேடிக் கொடுத்திருந்தாள். தோற்ற வாரங்களுக்கெல்லாம் வேறு ஏதாவது காரணம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு முறை, சரியாக முதுகைக் காட்டி நின்றும், காரணமே இல்லாமல் டெல்மர் தோற்றான். குடும்பமே கூடி ஆராய்ந்தது. கடை மேஜையில் இருந்த எவர்சில்வர் டப்பாவில் ஓடுதளம் தெரிகிறது என்று ரொண்டாவின் கணவன் ஆர்லிஸ் கண்டுபிடித்தான். அடுத்த வாரத்திலிருந்து கடைக்காரி மிஸ் ஓப்பல் அந்த டப்பாமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள். (கல்யாணமானாலும் ஆகாவிட்டாலும், மூத்த பெண்கள் எல்லாரும் அந்த ஊரில் 'மிஸ்'தான்.) தான் அந்த டப்பாவைப் பார்த்தோமா இல்லையா என்று நெடீனுக்கே பிறகு சந்தேகம் வந்துவிட்டது. எல்லாரும் ஒரே மாதிரி நம்பும்போது, நம்பாமலிருப்பவளுக்குத் தன் ஞாபகத்தின்மேலேயே பிடி நழுவிவிடுகிறது.

ஒன்பது வெற்றியையும் அவள் மிஸ் ஓப்பலின் முகத்தில்தான் பார்த்திருக்கிறாள். இடதுபுருவம் ஏறினால் டெல்மர் ஒருவனை முந்துகிறான். உதட்டைக் கடித்தால் யாரோ இடிக்கிறார்கள். ரொண்டா இதையும் கண்டுபிடித்து, "முகத்தை ஆட்டாம வெச்சுக்கங்க மிஸ் ஓப்பல்" என்று கேட்டுக்கொண்டாள். மிஸ் ஓப்பல் எழுபது வருடமாக வைத்திருக்கும் முகம் அது. அவளால் முடிந்ததைச் செய்தாள்.

வெற்றி மேடையில் எடுத்த படங்கள் டெல்மரின் கடைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. டெல்மர் அன்றைய பந்தயக் கோப்பையோடு சிரிக்கிறான். பக்கத்தில் நெடீன், எல்லாப் படத்திலும் கையில் பாதி தின்ற சாண்ட்விச்சோடு.

இதெல்லாம் வேடிக்கையாகவே இருந்திருக்கும், அவளுக்குப் பந்தயம் பிடிக்காமலே போயிருந்தால்.

எப்போது பிடித்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒருவேளை ரேடியோவில் ஆரம்பித்திருக்கலாம். கேலரியில் இருப்பவர்கள் கேட்க மட்டும் செய்யலாம், பேச முடியாது. அதைக் காதில் மாட்டிய முதல் நாள், வேறு யாருடைய அலைவரிசையோ என்று நினைத்துக் கழற்றிப் பார்த்தாள். வீட்டில் நாளுக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதன், காருக்குள் உட்கார்ந்துகொண்டு வானொலி நிலையம் நடத்திக்கொண்டிருந்தான். கேலரிக்கு மேலே, அறிவிப்பாளர் அறையின் கூரைமேல் நின்று வழி சொல்லும் ஆர்லிஸிடம் ஓயாமல் பேசினான்.

"முன்னாடி போறவன் டயரை வறுக்குறான் ஆர்லிஸ். வறுக்கட்டும். எனக்கு இன்னும் பசிக்கல."

"இந்தப் பக்கம் ஒரு இடம் குடுத்தான் பாரு, மகராசன், அவன் குடும்பம் நல்லா இருக்கணும்."

"இல்ல, வேணாம், இப்ப வேணாம். அவசரப்பட்டா இந்தக் கிழவி கோச்சுக்குவா."

கிழவி என்றது காரை. நெடீன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு மனிதனோடு ஒரே கட்டிலில் படுத்து, ஒரே மேஜையில் சாப்பிட்டு, அவன் குரலை ஒரு பிளாஸ்டிக் டப்பா வழியாக முதல்முறை கேட்பது விநோதமாக இருந்தது. பொறாமைகூட வந்தது. காரிடம் இவ்வளவு பேசுகிறானே.

பிறகு, அவன் பேசுவதை வைத்து அவன் செய்வதைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். டெல்மர் முதல் பாதியில் ஒன்றுமே செய்ய மாட்டான். இளம்பிள்ளைகள் அவனைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். டயரைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஏழாவதோ எட்டாவதோ ஆளாக, கடைவீதியில் நடப்பவன்போலப் போய்க்கொண்டிருப்பான். மற்றவர்களுடைய டயர் தேய்ந்து வழுக்க ஆரம்பிக்கும் நேரத்தில்தான் அவனுடைய பந்தயம் ஆரம்பமாகும். கடைசிப் பத்துச் சுற்றில்.

சரியாக அப்போது அவள் சாண்ட்விச் வரிசையில் நிற்பாள்.

ஆட்டம் புரியாத காலத்தில் அவர்கள் அவளிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. புரிந்த பிறகு, ஒவ்வொரு வாரமும் எடுத்தார்கள். ஆனால் அதைச் சொல்வதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. 'நீ ஜெயிப்பதைவிட, நீ ஓட்டுவதைப் பார்ப்பது எனக்கு முக்கியம்' என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள்? எல்லாரும் நன்றி வேறு சொல்கிறார்கள். ஒரு இடத்தில் இல்லாமல் இருந்ததற்காக நன்றி வாங்குவது அவளுக்குப் புதிதல்ல. முதல் புருஷன்கூட, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் மிகவும் அன்பாக இருப்பான்.

இன்றைக்குச் சொல்ல வேண்டியதற்குக் காரணம் எளிது. இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை. டெல்மரின் கழுத்தெலும்பு இனித் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வழக்கமான சனிக்கிழமைக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் நடக்கும் இந்தப் பந்தயம்தான் வருடத்தின் கடைசி, அவனுக்கும் கடைசி. நாளை காலையில், காரை விலைக்கு வாங்கிய ஒருவன் லிஞ்ச்பர்க்கிலிருந்து டிரெய்லர் கொண்டுவந்து அதை ஏற்றிக்கொண்டு போகிறான். வருடக் கோப்பைக்கு இரண்டு பேர்தான் மிச்சம்: டெல்மரும், ஸ்பிவி வீட்டுப் பையனும். இன்றைக்கு யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்கு.

*

ஜெபம் முடிந்து, தேசிய கீதம் முடிந்து, தொப்பிகள் தலைக்குத் திரும்பிய நேரத்தில் நெடீன் இருபத்தேழாம் எண் காரின் ஜன்னலுக்குக் குனிந்தாள். ஜன்னல் வலையை மாட்டிவிடுவது பெண்டாட்டியின் வேலை. உள்ளே டெல்மர் தலைக்கவசத்துக்குள் சின்னதாகத் தெரிந்தான்.

"டெல்மர், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு கண்ணு."

பக்கத்துக் காரின் எஞ்சின் கிளம்பியது. அவள் குரல் அதில் கரைந்தது. டெல்மர் கையைக் காதருகே வைத்து, பிறகு தானாகவே புரிந்துகொண்டவன்போலத் தலையசைத்துக் கத்தினான்.

"கடுகுச் சாந்து நல்லா தடவச் சொல்லு! பாதி எனக்கு வை!"

அவள் வலையை மாட்டினாள். கொக்கி விழுந்ததா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

கேலரியில் ரொண்டா இடம் பிடித்து வைத்திருந்தாள். ஒரு வரிசை கீழே, மகனின் எண் தைத்த மெத்தையைப் போட்டுக்கொண்டு ஸ்பிவி பையனின் தாய் மிஸ் டோரா உட்கார்ந்திருந்தாள். மடியில் கோழி வறுவல் டப்பா.

"என்ன ரொண்டா, உங்க அதிர்ஷ்டப் பொட்டலத்தைக் கூட்டிட்டு வந்தாச்சா?"

"வந்தாச்சு மிஸ் டோரா. நீங்க அழுறதுக்குக் கைக்குட்டை கொண்டு வந்தீங்களா?"

"எம்பையனுக்கு இன்னும் மீசையே ஒழுங்கா மொளைக்கல. அதுக்குள்ள அவன் கோப்பையை அடுக்க வீட்ல இடமில்ல. உங்கண்ணனுக்கு மீசை நரைச்சே போச்சு."

"நரைச்ச மீசைதான் போன மாசம் உங்க பையனைப் பின்னால நின்னு தள்ளிட்டுப் போச்சு."

"தள்ளிட்டுப் போகல, இடிச்சுட்டுப் போச்சு. வித்தியாசம் இருக்கு." மிஸ் டோரா நெடீன் பக்கம் திரும்பி, குரலைத் தேனாக்கினாள். "நீ எதுக்கும்மா அந்த வரிசையில போய் வேகணும்? எங்கிட்ட கோழி இருக்கு. உருளைக்கிழங்கு சாலட் இருக்கு. பீச் பழம் வெச்ச கேக்கு இருக்கு. எல்லாம் உனக்குத்தான். இங்கயே குந்தியிரு, போதும்."

"லஞ்சம்! பாரு நெடீன், வெட்ட வெளிச்சத்துல லஞ்சம் குடுக்குறாங்க!"

நெடீன் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது: இந்தக் கேலரி முழுக்கத் தன்னை இருக்கச் சொல்கிற ஒரே ஆள், எதிராளியின் தாய்.

பச்சைக் கொடி அசைந்தது.

நூறு சுற்று. டெல்மர் வழக்கம்போலப் பின்னால் போய்விட்டான். ஸ்பிவி பையன் முதல் சுற்றிலேயே முன்னால் போய், அங்கேயே குடியிருந்தான். கேலரி கத்தியது. நெடீன் கத்தவில்லை. ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டு பார்த்தாள். பேருந்தின் பிரேக்கை மிதிப்பதுபோல அவளுடைய வலதுகால், ஒவ்வொரு வளைவிலும் பலகையை மிதித்தது.

"ஆர்லிஸ், நான் தூங்கிட்டேன்னு நெனைக்கிறாங்களா?"

"குறட்டை கேக்குதுன்னு சொல்றாங்க."

"நல்லது."

ஐம்பதாவது சுற்றில் அவன் பாடிக்கொண்டிருந்தான். ஏதோ தேவாலயப் பாட்டு, சுருதியே இல்லாமல். எழுபதாவது சுற்றில் பாட்டு நின்றது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாவது வளைவின் உட்பக்கமாக இருபத்தேழு நழுவி உள்ளே போய், ஒருவனைப் பின்னால் விட்டு வெளியே வந்தது. யாரும் கவனிக்கவில்லை. அடுத்த சுற்றில் இன்னொருவன். அவசரமே இல்லை, நெரிசலான கடையில் 'கொஞ்சம் வழி விடுங்க' என்று சொல்லிக்கொண்டு போவதுபோல. அவன் அழகாக இருந்தான். இந்த வார்த்தையை அவள் அவனுக்குப் பயன்படுத்தியதே இல்லை, முகத்தைப் பார்த்து அந்த எண்ணம் யாருக்கும் வராது.

தொண்ணூறாவது சுற்றில் அவன் மூன்றாவதாக இருந்தான். நாலாவது வளைவில் ஒரு கார் நிலை தடுமாறிச் சுழன்று, புகைக்குள் நின்றது. மஞ்சள் கொடி. எல்லாக் கார்களும் வேகத்தைக் குறைத்து, விளக்குப் போட்ட வழிகாட்டி வண்டிக்குப் பின்னால் வாத்துக் குஞ்சுகள்போல வரிசையாகின. இந்த மெதுவான சுற்றுகள் கணக்கில் சேராது. பாக்கி பத்து.

ரொண்டா எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டாள்.

"வா, நேரமாச்சு. மிஸ் ஓப்பல் உன்னோடத கல்லுல போட்டுட்டாங்க."

நெடீன் எழுந்திருக்கவில்லை.

"நெடீன்? கால் மரத்துப்போச்சா?"

"இல்ல."

"அப்போ எந்திரி."

"நான் இன்னைக்கு இங்கயே இருக்கேன் ரொண்டா."

ரொண்டா சிரித்தாள். பிறகு, சிரிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விளையாடாத."

"விளையாடல."

"இத்தனை வருஷம் காத்திருந்து, எங்கண்ணனுக்கு இன்னைக்குத்தான் கைக்கு எட்டியிருக்கு. இன்னைக்குத்தானா உனக்குப் புடிவாதம் வரணும்?"

"இன்னைக்கு விட்டா எனக்கும் எட்டாது."

"உனக்கென்ன எட்டணும்?"

நெடீன் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கீழ் வரிசையிலிருந்து மிஸ் டோரா, கேக் வைத்த தட்டைத் தலைக்குமேல் உயர்த்தி நீட்டினாள். "அப்படியே இரு தங்கம்! அசையாத!"

"உங்களுக்காக இல்லீங்க மிஸ் டோரா."

"யாருக்காக இருந்தா என்ன, கேக்கு ஒண்ணுதான்."

காதில் ரேடியோ கரகரத்தது.

"ஆர்லிஸ்."

"சொல்லு."

"கெளம்பிட்டாளா?"

கூரைமேல் ஆர்லிஸ் எட்டிக் குனிந்து பார்ப்பது நெடீனுக்குத் தெரிந்தது.

"இல்ல."

"ஏன்? ரொண்டா எங்க?"

"பக்கத்துலதான் இருக்கா. கையைக் கையை ஆட்டிப் பேசுறா. உன் வீட்டுக்காரி உக்காந்திருக்கா."

"உடம்புக்கு ஏதாச்சும்?"

"நல்லாத்தான் தெரியுறா. தொப்பியைச் சரி பண்ணிக்கிறா."

கேலரியில் பாதிப் பேர் காதில் ரேடியோ வைத்திருந்தார்கள். வரிசை வரிசையாகத் தலைகள் அவள் பக்கம் திரும்பின. பள்ளிப் பேருந்தின் கண்ணாடியில் மொத்தப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தன்னைப் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. தொலைவில், படிக்கட்டின் அடியில், மிஸ் ஓப்பல் கரண்டியோடு கடையை விட்டே வெளியே வந்து நின்றாள்.

பிறகு டெல்மர் நேராக அவளிடம் பேசினான். பந்தயத்தின் நடுவில் அவன் அப்படிப் பேசியதே இல்லை.

"நெடீன். நீ கேட்டுட்டிருக்கேன்னு தெரியும். பத்தே சுத்துதான் கண்ணு. போயிட்டு வந்துடு. தயவுசெஞ்சு."

தயவுசெய்து. வீட்டில் அந்த வார்த்தையை அவன் உப்பு கேட்பதற்குக்கூடச் செலவு செய்ததில்லை. அவள் உடம்பு பலகையிலிருந்து ஒரு விரல்கடை எழும்பிவிட்டது. கால்கள் பழக்கத்தில் படிக்கட்டைத் தேடின. போனால் என்ன? போய் நின்று, துண்டு மூடிய டப்பாவைப் பார்த்துக்கொண்டு, ஒரு கிழவியின் புருவம் ஏறுவதைப் பார்த்தால் என்ன குறைந்துபோகும்? அவன் தோற்றுவிட்டால், இந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் அவள் பெயர் ஒரு மாதிரி சொல்லப்படும். டெல்மர் ஒன்றும் சொல்ல மாட்டான். அவன் ஒன்றும் சொல்லாமலிருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கும்.

கொஞ்சம் அவளும் நம்பினாள், அதுதான் உண்மை. ஒன்பது முறை என்பது ஒன்பது முறைதான்.

ஆனால் இந்தக் குரல். இந்தக் குரலில் கேட்கிற மனிதனைத்தான் அவள் பார்க்க வேண்டும். நாளைக்குக் காரை ஏற்றிவிட்டால் இந்தக் குரலும் டிரெய்லரில் ஏறிப் போய்விடும். வீட்டுக்கு வருவது நாலு வார்த்தைக்காரன்தான். அவனையும் அவளுக்குப் பிடிக்கும், அவனோடு கிழவியாவதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இந்த இன்னொருவன் யார் என்று ஒருமுறை, முழுதாக, கடைசிவரை தெரிந்துகொள்ளாமல் எப்படி?

அவள் மறுபடி நன்றாக அழுந்தி உட்கார்ந்தாள். கூரையைப் பார்த்து, ஆர்லிஸுக்குத் தெரியும்படி, மெதுவாகத் தலையை இடமும் வலமும் அசைத்தாள்.

"என்ன சொல்றா?"

"மாட்டேங்குறா."

"வாயால சொன்னாளா?"

"தலையால."

கார்கள் நேர்ப்பாதையில் அவள் முன்னால் மெல்ல ஊர்ந்து போயின. இருபத்தேழின் வலைக்குள்ளிருந்து ஒரு தலைக்கவசம் கேலரிப் பக்கம் திரும்பியது. அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. அவள் கையை அசைக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. பார்த்தாள். அவனும் பார்த்தான் என்றுதான் தோன்றியது.

ரேடியோவில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. அது கோபமா வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"வழிகாட்டி வண்டில விளக்கு அணைஞ்சாச்சு," என்றான் ஆர்லிஸ். "இந்தச் சுத்து முடிஞ்சதும் பச்சை."

மிஸ் டோராகூடக் கேக்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி, நெடீனை வேறு மாதிரி பார்த்தாள். ரொண்டா இரண்டு படி இறங்கி நின்றுகொண்டு கையை நீட்டினாள். அவள் கண்ணில் நீர் நின்றது.

"கடைசியாக் கேக்குறேன் நெடீன். இன்னும் நேரமிருக்கு, ஓடிப்போய் நின்னுடலாம். வர்றியா, இல்லியா?"

பின்னாலிருந்து யாரோ ஒருவர், ரொண்டா மறைக்கிறாள் என்று முணுமுணுத்தார். நெடீன் கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, அவளுடைய தோளைத் தாண்டி, கார்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொண்டு நாலாவது வளைவை நோக்கிப் போவதைப் பார்த்தாள்.

"பாத்து எறங்கு," என்றாள். "படி வழுக்கும்."